நான் போனால் எழுந்துகொள்ளும் கம்ப்யூட்டர்

நேற்று ஒருவர் என் சர்வீஸ் கடைக்குப் பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சில நாள் ஆன் ஆகுது, சில நாள் ஆக மாட்டேங்குது" என்றார். பக்கத் தகட்டைக் கழற்றியதும் சூடேறிய தூசியின் வாடை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் மற்றவர்களுக்குப் பால்கோவா மணக்கும். எனக்கு இந்த வாடைதான். அவரவர் மூக்கின் விதி.

பல வருடங்களுக்கு முன், நான் ராஜபாளையத்தில் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தோள்பையில் நாலு ஸ்க்ரூடிரைவர் இருக்கும். பஸ்ஸில் யாராவது கேட்டால் இன்ஜினியர் என்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் ஒரு டைப்பிங் கடை. வக்கீல்களுக்கு மனு அடித்துக் கொடுக்கும் ஜெசிந்தா, வன்னியம்பட்டியிலிருந்து வந்து ஒன்பதரைக்குக் கடையைத் திறப்பாள். முதலாளி அண்ணாச்சி பத்தரைக்கு மேல்தான் வருவார்.

"காலையில அமுக்கினா உசுரே இல்லண்ணே. நீங்க வந்தா மட்டும் எந்திரிச்சுக்கிடுது" என்பாள்.

நிஜமாகவே அப்படித்தான். நான் போய்ச் சேரப் பதினொன்று ஆகிவிடும். பஸ் லேட் என்பேன். அதில் பாதி உண்மை, மீதி என் தூக்கம். பொத்தானைத் தொட்டதும் விசிறி சுற்றும். முதல் தடவை வயரை மாற்றினேன். அடுத்த தடவை பவர் சப்ளையையே மாற்றினேன். மூன்றாம் தடவை நான் போனபோது, மனு நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்று ஒரு வக்கீல் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றும் ஒரே அமுக்கில் எழுந்துகொண்டது.

"மிஷின்ல கோளாறா, இல்ல இந்தப் பிள்ள லேட்டா வந்துட்டுக் கதை சொல்லுதா? ஒண்ணச் சொல்லிட்டுப் போங்க தம்பி" என்றார் அண்ணாச்சி.

எனக்கு அலுப்பு. "மிஷின்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன்.

ஜெசிந்தா மேசையிலிருந்த டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தாள். மறுநாளிலிருந்து அவளுக்கு அங்கே வேலை இல்லை.

புதிதாக வந்த பெண்ணும் இரண்டே நாளில் அதையே சொன்னாள். மார்கழிக் குளிரில் சீக்கிரமே பஸ் பிடித்துப் போனேன். ஒன்பதரைக்கு அமுக்கினேன், உயிரில்லை. உள் விசிறியைக் கழற்றித் தூசியைத் துடைத்தேன். அடியில், மின்சாரத்தைத் தேக்கித் தரும் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கிடந்தன. குளிர்ந்திருந்தால் அவை படுத்துவிடும். கூரை காய்ந்து அறை சூடானால்தான் பிழைக்கும். அந்தச் சூடு ஏற மணி பதினொன்று ஆகும். மூன்று தடவை வந்தும் அந்த விசிறியை நான் கழற்றிப் பார்த்ததில்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "சரி, விடுங்க. அந்தப் பிள்ளைக்கு வேற வேலை கெடச்சிருக்கும்" என்றார்.

கிடைத்துத்தான் இருந்தது. சில மாதம் கழித்து ராஜபாளையம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். பேண்டேஜ் கம்பெனி ஷிப்ட் முடிந்து, முடியெல்லாம் பஞ்சோடு நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாதாண்ணே? எங்க அப்பாகிட்டப் போயிச் சொல்லுங்க. நான் பொய் சொல்லித்தான் வேலை போச்சுன்னு அவிய இன்னும் என்கூடப் பேசல."

ஞாயிற்றுக்கிழமை வன்னியம்பட்டியில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா சர்ச்சில் பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஒண்ணுமில்லன்னு சொன்ன ஆளு நீங்கதானா?" என்றார்.

"ஆமாங்க."

அவர் உள்ளே திரும்பி, "ஏட்டி ஜெசி, தண்ணி கொண்டா" என்றார்.

சொம்பை என்னிடம் நீட்டும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது அந்த டைப்பிங் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். வக்கீல்கள் அவரவர் லேப்டாப்பில் அடித்துக்கொள்கிறார்கள். ஜெசிந்தா மறுபடி டைப் அடிக்கப் போகவில்லை என்று கேள்வி. அந்தக் கடையில், எதிரே நிற்கும் வக்கீலின் முகத்தைப் பார்த்தபடியே, அவர் சொல்லி முடிக்கும்போது தானும் அடித்து முடித்திருப்பாள். அப்படி அடிக்கிற ஒருவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.