எட்டாவது பெட்டியில் நின்றவர்

அக்கம்பக்கத்தில் அவருக்குக் கேமராக்காரர் என்று பெயர். கேமரா செய்கிற நிறுவனத்தில் வேலை என்று ஒருமுறை வாயை விட்டதன் பலன் அது. மறுவாரமே மாடிவீட்டுக்காரர், மகளுக்குத் தலைவாரி அழைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று வந்து நின்றுவிட்டார். "நான் படம் எடுக்கிறவன் இல்லீங்க. கேமராவுக்கு உள்ள ஓடுற புரோகிராம் எழுதறவன்" என்று விளக்கிப் பார்த்தார். "அப்ப படம் எடுக்கவே தெரியாதா?" என்று அந்தப் பெண் கேட்டாள். உண்மையில் தெரியாது. அவர் எடுத்த படங்களில் பாதிப் பேருக்குத் தலை இருக்காது.

நாற்பத்தைந்தைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். அக்கா வீட்டின் பின்னறையில் குடியிருந்தார். நிறுவனம் செய்தது வாசல்மணிக் கேமரா. வெளியே யாராவது மணியை அழுத்தினால் உள்ளே சுவரிலிருக்கும் சின்னத் திரையில் முகம் தெரியும். கேமராவுக்கும் திரைக்கும் நடுவே உட்கார்ந்து பஞ்சாயத்து செய்கிற டிரைவர் என்ற புரோகிராம் அவருடைய பொறுப்பு.

பஞ்சாயத்து என்பது சும்மா சொன்னதல்ல. கேமரா பார்ப்பதைக் கொட்டிவைக்க நினைவகத்தில் எட்டுப் பெட்டிகளாக இடம் ஒதுக்கியிருப்பார்கள். பஃபர் என்பார்கள். கேமரா ஒரு பெட்டியை நிரப்பித் தரும். திரை அதைக் காட்டிவிட்டுத் திருப்பித் தரும். ஒவ்வொரு படத்தையும் நகல் எடுத்துக்கொண்டிருந்தால் வாசலில் நிற்பவர் போயே போய்விடுவார் என்பதால், ஒரே பெட்டி இருவருக்கும் பொது. பொதுச்சொத்து என்றால் தகராறுக்குக் கேட்கவா வேண்டும்? திரை காட்டிக்கொண்டிருக்கும்போதே கேமரா அதே பெட்டியில் எழுதினால், பாதி முகம் தபால்காரர், பாதி முகம் பால்காரர் என்று தெரியும். அதனால் யார் என்ன பிழை சொல்லிக்கொண்டு வந்தாலும் கேமராக்காரர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அந்த நேரத்துல பெட்டி யார் கையில இருந்துச்சு?"

"ஒரு பெட்டியில ரெண்டு பேர் இருக்கக்கூடாதுங்கறவனுக்கு எப்படிக் கல்யாணம் பண்ணி வைக்கிறது?" என்பார் அக்காவின் கணவர். அந்த நகைச்சுவை வீட்டில் பழையதாகி, இப்போது அவர் மட்டுமே சிரிக்கிறார்.

ஒருநாள் அலுவலகச் சாப்பாட்டு அறையில், புகார்ப் பிரிவுப் பெண் ஒரு புகாரை உரக்கப் படித்தாள். திரைச்சீலை தைக்கும் ஓர் அம்மா அனுப்பியது. வாசல்மணி அடித்தால் எப்போதாவது, கண்மூடித் திறக்கும் நேரத்துக்கு, இறந்துபோன தன் கணவர் திரையில் தெரிகிறார் என்று எழுதியிருந்தார். முதல்முறை எழுதியபோது ஆழ்ந்த இரங்கல் தெரிவித்துப் புகாரை மூடிவிட்டார்கள். மறுபடியும் எழுதியிருந்தார்.

"இதுக்கு நாம ஆளு அனுப்பணுமா, பூசாரியை அனுப்பணுமா?" என்று யாரோ கேட்க, மேசை சிரித்தது. கேமராக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். 'மழைக்கோட்டுடன் நிற்கிறார். வெயில் நாளிலும் அப்படித்தான். கண்ணாடியில் மழைத்துளி இருக்கிறது' என்று கடைசியில் ஒரு வரி. அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஏக்கத்தில் மனிதர்கள் முகத்தைக் காண்பதுண்டு. கேமராக் கண்ணாடியில் ஒட்டிய துளியைக் காண்பார்களா?

மேலாளருக்கு விருப்பமில்லை. "அந்த அம்மாவுக்கு மனசு சரியில்லைன்னு அவங்க பையனே போன்ல சொல்லியிருக்காரு. நாம எதுக்கு இதுல தலையை விடணும்?"

"போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு எழுதிடலாம்."

பழுதுபார்ப்பவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பிற்பகலில் போனார். முன்னறை முழுக்கத் துணிச்சுருள்கள். ஜன்னலோரம் தையல் மெஷின். தையற்காரம்மா நாற்காலியில் இருந்த துணியை ஒதுக்கி உட்காரச் சொன்னார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் ஒரு தூக்கக் கலக்கம் இருந்தது.

"மாத்திரை, தம்பி. பையன் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். சாப்பிட்டா தையல் கோணலாப் போகுது. சாப்பிடலைன்னா பையன் கோவிச்சுக்கிறான்."

"எப்பல்லாம் தெரியறாரு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்களுக்கு எழுதறேன்? ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடிடறேன் தம்பி. புத்திக்குத் தெரியுது, காலுக்குத் தெரியலை. கதவைத் திறந்தா கூரியர்க்காரர் நிக்கிறாரு."

பேயைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தாரோ என்னவோ, கேமராக்காரரின் அடுத்த கேள்வி தையற்காரம்மாவைத் திகைக்க வைத்தது. "இந்தக் கேமராவை வேற யாராவது பார்க்கறாங்களா?"

"என் பையன். வேற ஊர்ல இருக்கான். இங்க மணி அடிச்சா அவன் போன்லயும் அடிக்கும். வேலை இல்லைன்னா எட்டிப் பார்ப்பான்."

மகனுக்குப் போன் போட்டார்கள். எடுத்ததும் பொரிந்தான். "சார், டாக்டர் பார்த்துக்கிட்டு இருக்காரு. நீங்க வேற போய் எங்கம்மாவை உசுப்பேத்தாதீங்க."

"உசுப்பேத்த வரலைங்க. கேமராவைச் சோதிக்க வந்திருக்கேன். மணி அடிக்கிறப்போ நீங்களும் போன்ல திறந்து பாருங்க, போதும்."

பழுதுபார்ப்பவர் வாசலில் நின்று மணியை அழுத்தினார். திரையில் அவர் முகம். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அவரே. அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "வீட்ல ஆள் இருக்காங்கப்பா, கதவும் திறந்துதான் இருக்கு" என்றார். விரல் வலிக்கிறது என்று பழுதுபார்ப்பவர் முணுமுணுக்கத் தொடங்கிய நேரத்தில், திரை ஒரு கணம் இருண்டு மின்னியது. "அதோ!" என்றார் தையற்காரம்மா. கேமராக்காரர் மடிக்கணினியில் ஒரு விசையைத் தட்டி, பெட்டிகளில் அந்த நொடி இருந்ததை இருந்தபடி நிறுத்திப் பிடித்தார்.

ஏழு பெட்டிகளில் பழுதுபார்ப்பவரின் சலித்த முகம். எட்டாவதில் மழைக்கோட்டு அணிந்த ஒரு மனிதர், கழுத்தைக் குறுக்கிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் கதவைப் பார்த்தபடி நின்றார். ஓரத்தில் இரண்டு துளிகள்.

தையற்காரம்மா கணினிக்கு அருகில் குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இவருதான்" என்றார். பிறகு, "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லை" என்றார்.

கேமராக்காரர் விளக்கினார். எட்டாவது பெட்டி உபரி. ஒருவர் மட்டும் பார்க்கும்போது அது தேவைப்படாது. வீட்டுத் திரையும் மகனுடைய போனும் ஒரே நேரத்தில் பார்த்தால், பெட்டிகள் திரும்பி வரத் தாமதமாகி, சில சமயம் எட்டாவதைக் கேமராவிடம் நீட்ட வேண்டிவரும். கணவர் மழையில் நின்ற அன்று அப்படி நீட்டியதில் அவர் படம் விழுந்தது. அதே மழையில் கேமராவின் இணைப்புக்குள் ஈரம் இறங்கி, அது மந்தமாகிவிட்டது. அதற்குப் பிறகு கடைசி நொடியில் எட்டாவது பெட்டியை நீட்டிய போதெல்லாம் கேமரா நேரத்துக்கு எழுதவில்லை. எழுதவில்லை என்று டிரைவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, நிரம்பியது என்று கணக்குக் காட்டித் திரையிடம் தள்ளிவிட்டது. திரை என்ன செய்யும்? உள்ளே இருந்ததைக் காட்டியது. மின்சாரம் போனாலும் பேட்டரி இருந்ததால் பெட்டி அழியவேயில்லை.

"உங்க கண்ணுல தப்பில்லைம்மா. எங்க டிரைவர்லதான் தப்பு. பல பேர் கை பட்ட வேலை. கடைசியாப் பார்த்து அனுப்பினது நான்."

மகனின் போனுக்குப் படம் போனது. அவன் எட்டிப் பார்த்ததால்தான் அம்மாவுக்கு அப்பா தெரிந்திருக்கிறார் என்பது அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"அம்மா" என்றான். "அது அப்பா சாவியை மறந்துட்டுப் போன நாள். நான் இங்கேருந்து பார்த்துட்டு, அப்பா நனையறாரு, கதவைத் திறன்னு உனக்குப் போன் பண்ணிக் கத்தினேன்."

"மெஷின் சத்தத்துல மணி கேக்கலைடா" என்றார் அவர்.

"நீ சொன்னப்பவே நம்பியிருக்கணும்."

"நானே நம்பலை. உன்னை என்ன சொல்ல?"

எட்டாவது பெட்டியைத் துடைப்பதற்கு முன், படத்தைத் தனியாக எடுத்துத் தரவா என்று கேமராக்காரர் கேட்டார். தையற்காரம்மா யோசித்தார்.

"வேண்டாம் தம்பி. இது அவரு வெளியில நிக்கிற படம். அப்புறம் உள்ள வந்தாரு, துண்டு கேட்டாரு, என்னைத் திட்டினாரு. அது இதுல இல்லையே. அழிச்சிடுங்க."

அழித்தார். பழுதுபார்ப்பவர் ஈரம் ஏறிய இணைப்பை மாற்றினார். மகனின் போனுக்குப் போன பிரதியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

திருத்தம் சில வரிகள்தான்: எழுதப்படாத பெட்டி திரைக்குப் போகாது, திரும்பி வரும் பெட்டியைத் துடைத்த பிறகே டிரைவர் அடுத்தவர் கையில் கொடுக்கும். எழுதியது அரை நாள். சோதித்துக் காட்டி மேலாளரைச் சம்மதிக்க வைத்தது அதைவிட அதிகம். இதுவரை ஊரெல்லாம் யார் யார் வீட்டில் யார் யார் தெரிந்தார்களோ என்று புகார்ப் பிரிவில் கொஞ்ச நாள் கலக்கமாக இருந்தது. எல்லா வாசல்மணிகளுக்கும் புதிய புரோகிராம் அனுப்பப்பட்டது. உடன் சென்ற அறிவிப்பில் 'படத்தின் தெளிவு மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று மட்டும் இருந்தது. கேமராக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். ஆட்சேபிக்கவில்லை.

வீட்டில் அக்காவிடம் முழுவதையும் சொன்னார். அக்கா கேட்டுவிட்டு, "அந்தம்மா இனிமே மணி அடிச்சா எழுந்து ஓடுமா?" என்று கேட்டாள்.

சில வாரங்கள் கழித்துத் தையற்காரம்மாவே போன் செய்தார். மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டாராம், தையல் நேராகிவிட்டதாம். டாக்டரிடம் போவதை மட்டும் நிறுத்தவில்லை என்றார்.

"ஏம்மா, அதான் சரியாயிடுச்சே?"

"டாக்டரு நல்லாப் பேசறாரு தம்பி. முதல்ல பேயைப் பத்திப் பேசினோம். இப்பதான் மனுஷனைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருக்கோம்."

பின்னால் மணி அடித்தது. "இருங்க, யாருன்னு பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்து போகும் சத்தம் கேட்டது. வந்தது துணி கொண்டுவந்த கடைக்காரர். இரண்டு பேரும் அளவைப் பற்றிப் பேசத் தொடங்கி, சண்டை பிடித்து, போன் காத்திருப்பதையே மறந்துவிட்டார்கள். கேமராக்காரர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டார்.