மச்சிக்குச் சுகம் வந்த பிறகு

எனக்கும் என் புருஷனின் தங்கச்சிக்கும் ஒரே மாரி மழைக்காலத்தில்தான் காய்ச்சல் வந்தது. யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கற்பிட்டிக்குப் போகும் பாதையில், களப்புப் பக்கமாக ஒரே வளவுக்குள் எங்கள் இரண்டு வீடுகளும் இருந்தன. நாங்கள் ஒருத்தியை ஒருத்தி மச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய புருஷனுக்கு அப்போது வெளிநாட்டில், கட்டாரில் வேலை.

காய்ச்சல் ஒரு கிழமையில் விட்டது. களைப்பு விடவில்லை. தலை சீவக் கையைத் தூக்கினால் பாதிப் பின்னலில் கை ஓய்ந்து விழும். இரவெல்லாம் நித்திரை கொண்டு எழும்பினாலும் உடம்பு அடித்துப்போட்டது மாதிரி இருக்கும். இரத்தம் சோதித்த டொக்டர், எல்லாம் சரியாக இருக்கிறதென்று சொல்லி இரும்புச்சத்துக் குளிசை தந்து அனுப்பினார்.

மச்சிக்கும் அதே நிலைதான். பகலில் அவள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மின்விசிறிக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கிடப்போம்.

"இன்டைக்கு உங்களுக்குக் கால் இருக்கா மச்சி?" என்று கேட்பாள்.

"ஒண்டுதான் இருக்கு. மத்தது இன்னும் எழும்பல்ல."

படுத்தபடியே சிரிப்போம். யாருக்கும் விளங்காத ஒன்று அவளுக்கு விளங்கியது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம் அவளுக்கு வெள்ளி அடைத்த ஒரு கடவாய்ப் பல் குத்தத் தொடங்கியது. புத்தளத்துக்குப் போய்க் கழட்டிக்கொண்டு வந்தாள். இரண்டொரு மாதத்தில் ஒரு காலையில் வளவைக் கூட்டுகிற சத்தம் கேட்டது. என் புருஷனின் உம்மா, மாமிதான் கூட்டுகிறார் என்று நினைத்துப் படுத்திருந்தேன். எட்டிப் பார்த்தால் மச்சி. கிணற்றடிவரை கூட்டி, குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டு, நிமிர்ந்து நின்று தண்ணீர் குடித்தாள்.

சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்கு நெஞ்சுக்குள் எரிந்தது.

நாளைக்கு விழுவாள், அதற்கடுத்த நாளாவது விழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை. போர்வைகளைத் துவைத்தாள். குறிஞ்சிப்பிட்டியில் ஒரு தோட்டத்துக்கு வெங்காயம் தரம் பிரிக்கப் போனாள். பின்னேரம் வந்து எங்கள் கதிரையில் சாய்ந்து, "சரியான அலுப்பு மச்சி" என்றாள். அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு இனி என்ன உரிமை என்று நினைத்தேன். அவளுடைய அலுப்பு ஒரு தேத்தண்ணியோடு போய்விடும்.

மாமி என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "அவவும் கிடந்தவதான். எழும்பிட்டா. நீங்களும் கொஞ்சம் மனச வெச்சிப் பாருங்க."

நோன்பு மாதம் அதைவிட மோசம். என்னை நோன்பு பிடிக்க வேண்டாமென்று டொக்டர் சொல்லியிருந்தார். நோன்பு திறக்கும் நேரம் எல்லோரும் வாடிப்போய் வந்து பாயில் இருப்பார்கள். பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு கோப்பை கஞ்சி. முகங்கள் தெளிந்துவிடும். அவர்களுடைய களைப்புக்குக் காரணம் இருந்தது, கூலி இருந்தது, முடிகிற நேரமும் இருந்தது. மச்சி எனக்குக் கஞ்சி ஊற்றித் தரும்போது அவளுடைய உலர்ந்த உதட்டைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன்.

நான் சும்மா இருக்கவுமில்லை. தனியார் டிஸ்பென்சரியில் சேலைன் ஏற்றினேன். வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு நாட்டு வைத்தியரிடம் போய்க் கசாயம் வாங்கிக் குடித்தேன். அந்தப் பயணமே என்னை ஒரு கிழமை பாயில் போட்டது.

எனக்கும் மூன்று கடவாய்ப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு இருந்தது. அதில் ஒன்று சூடு பட்டால் குத்தும்.

"மூண்டையும் கழட்டிப்போடுங்க மச்சி," என்றாள் அவள். "எனக்கு அதோடதான் களைப்பு விட்டிச்சி."

டவுனில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் கேட்டபோது, மூன்றையும் ஒரே நாளில் கழட்டலாம் என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. "கழட்டினா திரும்ப வைக்க ஏலாது. பெரியாஸ்பத்திரியிலயும் ஒருக்காக் கேப்பம்" என்றார்.

அவருக்கு வேலை இருந்ததால் மச்சிதான் என்னைத் திரீவீல் ஓட்டோவில் கூட்டிப்போனாள். பல் டொக்டர் ஒரு சிங்களப் பெண். நிதானமாகத் தமிழ் கதைத்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மூணு பல்லும் ஏன் கழட்டணும்?"

"என்ட மச்சிக்கும் இதே களைப்புத்தான். பல்லக் கழட்டின பொறகு அவவுக்குச் சுகம் வந்திச்சி."

அவர் சிரிக்கவில்லை. "காய்ச்சலுக்குப் பிறகு வாற களைப்பு சில பேருக்குத் தானா விடும். சில பேருக்கு விடாது. ஏன் எண்டு எங்களுக்கும் தெரியாது. உங்களுக்கு ஒரு பல்தான் பழுது. அதையும் நரம்பு எடுத்து அடைச்சாக் காப்பாத்தலாம். கழட்டினா ஒரு நாளில முடியும், ஆனா அந்தப் பக்கம் சாப்பிட ஏலாது. அடைக்கிறதுக்குப் பல தடவ வரணும். எப்படிச் செஞ்சாலும் வலி போகும். களைப்புப் போகும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். மத்த ரெண்டும் நல்ல பல். அதுல கை வைக்க வேணாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்லுக்காக இல்லை. பல்தான் குற்றவாளி என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன். இனி மச்சியைப் போல எழும்ப எனக்கு வழி ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது திரீவீலுக்குள் மச்சி என் கையைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"நீங்க எழும்பினது எனக்குப் பொறுக்கல்ல மச்சி," என்றேன். சொல்ல நினைத்து வரவில்லை. வந்துவிட்டது.

அவள் வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "தெரியும். நான் வளவு கூட்டக்குள்ள நீங்க ஜன்னலச் சாத்துவீங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள்: "நாம ரெண்டு பேரும் கிடக்கக்குள்ள எனக்கும் உங்களில எரிச்சல்தான். என்ட கூடப்பொறந்த நானா உங்களுக்குத் தல பின்னி விடுவார். எனக்குக் கட்டார்ல இருந்து அவர் போன்ல கோல் எடுத்து, இன்னும் படுக்கதானாண்டு கேப்பார். உங்கட வீட்டுக்குப் பாயைத் தூக்கிட்டு வந்தது அதத் தனியாக் கேக்க ஏலாமத்தான்."

பழுதான அந்தப் பல்லை மட்டும் அடைப்பதென்று முடிவெடுத்தேன். நரம்பு எடுக்கப் போன ஒவ்வொரு தடவையும் அவள்தான் கூட வந்தாள். எனக்கு முடியாத நாட்களில், போக ஏலாதென்று ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்துச் சொன்னதும் அவள்தான். இழுத்து இழுத்துப் பல மாதம் ஆனது. பல் தங்கியது, குத்துவது நின்றது. களைப்பு அப்படியே இருந்தது. துவைத்த நாளில் சமைப்பதில்லை, சமைத்த நாளில் துவைப்பதில்லை என்று பழகிக்கொண்டேன். மீன் கழுவுவதும் கதிரையில் இருந்தபடிதான். விழுகிற நாட்கள் குறைந்தன.

அடுத்த வருஷம் அவளுடைய புருஷன் கட்டாரிலிருந்து திரும்பி வந்தார். மன்னாரில் அவர்களுடைய காணியில் காடு வெட்டி வீடு கட்டப் போனார்கள். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்டியபோது உம்மாவின் இடுப்பில் இருந்து வெளியேறிய ஊருக்கு அவள் சொந்தக் காலில் போனாள். சாமான்களை லொறியில் அவளே ஏற்றினாள். எனக்கும் அங்கே காணி இருக்கிறது. காடு வெட்ட வேண்டாம், போய்ப் பார்த்துவரவே இந்த உடம்புக்கு இன்னும் துணிவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கோல் எடுப்பாள். கத்தரி காய்த்திருக்கிறது, கிணறு இறைத்தாயிற்று என்று மூச்சு விடாமல் கதைப்பாள். எரிச்சலோடுதான் கேட்பேன். கோல் வராத வெள்ளிக்கிழமை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

"ஒரு நாளைக்கு வாங்க மச்சி," என்றாள் போன கிழமை. "வந்து படுத்துக்கிடங்க. நானும் பக்கத்துல படுக்கிறன்."

"உங்களுக்கு எங்க படுக்க நேரம்?" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவ்வளவு நேரம் கதைத்ததற்கு அடுத்த நாள் உலை வைக்க எழும்ப முடியவில்லை. வீட்டுக்காரர் கடையில் பாணும் சம்பலும் வாங்கி வந்தார்.