கன்னத்தில் ஒதுக்கிய சிவப்பு நூல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அந்த நூலை நான் என் விரலால் தொட்டிருக்கிறேன். இரண்டு நாள் சோப்புப் போட்டுத் தேய்த்தும் நாற்றம் போகவில்லை. கற்பனைக்கு நாற்றம் கிடையாது.

நான் ஜேட். அப்பாவுக்கு மாடு வெட்டும் கூடத்தில் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். பட்டம் வாங்கி என்ன? ஹாக்ஸ்கில் என்ற மலையோர ஊரில், ஒரு பழைய புத்தகக் கடையில் தூசி தட்டும் வேலைதான் கிடைத்தது. கடைக்கு மேலேயே தங்க ஒரு அறை. வேலை போனால் அறையும் போகும்.

முதலாளி ஆம்ப்ரோஸ். எழுபதைத் தாண்டியவர். இரண்டு வரிசையும் பொய்ப் பல். பேசும்போது ஓரத்தில் எச்சில் கட்டும். அதைப் பட்டுக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே பேசுவார்.

வெள்ளிக்கிழமைகளில் கடையின் பின்னறையில் துப்பறியும் கதைக் கூட்டம் நடக்கும். பெரில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. டெஸ்மண்ட், பழைய பேங்க் மேனேஜர். கணப்படுப்புக்கு முன்னால் எலுமிச்சை கேக்கும் டீயுமாக உட்கார்ந்து, புத்தகத்தில் இருக்கும் கொலைகாரனைக் கண்டுபிடிப்பார்கள். எச்சில் கோப்பைகளை நான் கழுவுவேன்.

அந்த நவம்பரில் அவர்களுக்கு நிஜமாகவே ஒரு குற்றம் கிடைத்தது.

ஒரு விதவை அம்மாள், கணவரின் பெரிய பறவைப் புத்தகங்களை விற்றுத் தரச் சொல்லிக் கடையில் விட்டுப் போயிருந்தார். கையால் வண்ணம் தீட்டிய படங்கள். தினமும் ஒன்றாகக் காணாமல் போயின. பிளேடு வைத்த அடையாளம் இல்லை. கிழிந்த ஓரம் மட்டும் ஈரத்தில் உப்பி, பஞ்சு பஞ்சாக இருந்தது.

பெரில் உடனே கண்டுபிடித்துவிட்டாள். "பிளேடு வெச்சா சத்தம் கேக்கும். கம்பளி நூலை வாயில ஊற வெச்சு, பக்கத்தோட அடியில வெச்சு மூடிடணும். தாள் ஊறி, தொட்டாலே கையோட வந்துடும். புத்தகத் திருடங்களோட பழைய வேலை." உதட்டில் கேக் துணுக்கு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள். "கடையில வேலை பாக்கறவங்களுக்குத்தான் இது தெரியும்."

"நம்ம கதைங்கள்ல வேலைக்காரி செய்யவே மாட்டாளே, பெரில். ரொம்ப லேசாப் போயிடும்," என்று டெஸ்மண்ட் சிரித்தான்.

"இது கதை இல்லியே, டெஸ்மண்ட்."

நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். கையில் டீக் கெண்டி. ஊற்றியிருக்கலாம் தலையில்.

ஆம்ப்ரோஸ் வாயை ஒற்றிக்கொண்டார். "அடுத்த சனிக்கிழமை அந்தம்மா வராங்க. அதுக்குள்ள ஆள் சிக்கலன்னா போலீஸ். யார் பேரைச் சொல்லுவேன்னு உனக்கே தெரியும்."

புதன்கிழமை காலை, கடை திறந்ததும் அந்தப் பறவைப் புத்தகங்களில் ஒன்றைப் பிரித்தேன். மீன்கொத்திப் படத்தின் அடியில் ஒரு சிவப்புக் கம்பளி நூல். ஈரம் சொட்டச் சொட்ட. விரல் நுனியால் எடுத்தேன்.

சூடாக இருந்தது.

விறைக்கும் அறை. அடுப்பு மூட்டவில்லை. ஆனால் நூல், அப்போதுதான் ஒரு வாயிலிருந்து எடுத்ததுபோல... வெதுவெதுப்பாக. கிராம்பு வாசனை. உள்ளே சீழ் வாசனை.

அடுப்பை மூட்டி அதில் போட்டேன். 'உஸ்ஸ்' என்றது. வியாழக்கிழமை காலை, அதே பக்கத்தில், அதே நூல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே கடையைச் சாத்தினார்கள். பெரிலின் ஏற்பாடு. திருடனுக்கு வலை விரிக்கிறார்களாம். நடு மேஜையில் புத்தகம். சுற்றி நான்கு நாற்காலிகள். நான்கு பேர். கேக் மறக்கவில்லை.

நாலு மணிக்கு வெளியே இருட்டிவிட்டது.

ச்சுப்...

யாரோ எதையோ சப்பும் சத்தம்.

"யாரு மிட்டாய் சாப்பிடறது?" என்றான் டெஸ்மண்ட்.

யாரும் எதையும் சாப்பிடவில்லை.

ச்சுப்... ச்சுப்...

"ஜேட், வாயில என்ன?" பெரில் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"அப்போ காட்டிடேன், கண்ணு. மறைக்க ஒண்ணுமில்லன்னா என்ன கஷ்டம்?"

ஆம்ப்ரோஸ் எழுந்தார். பட்டுக் கைக்குட்டையை விரலில் சுற்றினார். "தெற."

"முடியாது."

"அப்போ போலீஸ்தான். மேல போய் மூட்டையைக் கட்டு."

டெஸ்மண்ட் தரையைப் பார்த்தான். பெரில் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தாள். எனக்கு அறை கிடைத்ததை அம்மாவிடம் சொன்னபோது அம்மா சந்தோஷத்தில் அழுதது ஞாபகம் வந்தது.

திறந்தேன்.

அவர் எச்சில் ஊறிய துணி என் நாக்கில். உப்பு. கடைவாய்க்குப் பின்னால் துழாவினார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல. "நாக்கைத் தூக்கு..."

அப்போது என் காதுக்குப் பின்னால் ஒரு பெண்குரல். வாயில் எதையோ ஒதுக்கிக்கொண்டு பேசும் குரல்.

"மறுபடியுமா?"

எல்லோருக்கும் கேட்டது. பெரில் டார்ச்சை எனக்குப் பின்னால் திருப்பினாள். அங்கே யாரும் இல்லை.

ஆம்ப்ரோஸ் விரலை உருவினார். முகம் வெளுத்திருந்தது. செருமினார். மறுபடி செருமினார். தன் வாய்க்குள்ளேயே இரண்டு விரலை விட்டு எதையோ பிடித்தார்.

சிவப்பு நூல்.

இழுத்தார். வந்தது. இழுத்தார்... வந்துகொண்டே இருந்தது. நாடியில் வழிந்து, சட்டையில் வழிந்து, மேஜையில் சுருண்டது. பொய்ப் பல் வரிசை இரண்டும் கழன்று விழுந்தன.

இன்னும் வந்தது.

கிராம்பு வாசனை.

பெரில் வாந்தி எடுத்தாள்.

நூல் முடிந்தது.

'டக்'.

நூலின் நுனியில் ஒரு முன்பல். சின்னது. வெள்ளை.

காணாமல் போன படங்கள் எல்லாம் ஆம்ப்ரோஸ் வீட்டு அலமாரியில் இருந்தன. போலீஸ் எடுத்தது. திருடனே நூலோடு மாட்டிக்கொண்டான் என்று ஊர்ப் பத்திரிகை பெரிலையும் டெஸ்மண்டையும் புகழ்ந்தது. குரலைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை. "உன்மேல எங்களுக்குச் சந்தேகமே இல்ல, கண்ணு," என்றாள் பெரில். தூ.

ஆம்ப்ரோஸ் இப்போது முதியோர் இல்லத்தில். பேச்சில்லை. ஸ்பூனைக் கண்டால்கூட வாயைத் திறப்பதில்லையாம். குழாய் வழியாகத்தான் சாப்பாடு.

இரண்டு வாரம் கழித்து வறுத்த மீன் கடைக்குப் போனேன். கடைக்கார ஐலீன் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டாள். "நூல் என்ன கலரு?"

"சிவப்பு."

பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"எங்கக்கா நோரீன் அங்கதான் வேலை பாத்தா. ஐம்பது வருஷமாச்சு. அப்பவும் படம் காணாமப் போச்சு. அவளுக்குப் பல்வலி, கிராம்பை ஒதுக்கியிருந்தா. வாயில என்னடின்னு, இந்த ஆம்ப்ரோஸ்தான், நாலு பேரு பாக்க வாயில கையை விட்டான். திமிறுனா. முன்பல்லு போச்சு. அன்னைக்கே ஆத்துல விழுந்துட்டா."

"பல்லு?"

"கடைசிவரைக்கும் கெடைக்கல. உதட்டை ஒட்டித்தான் பெட்டியில வெச்சோம். அம்மா பின்னுன கம்பளிச் சட்டையப் போட்டு."

நிறத்தை நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

பல் அக்காவுடையது என்று ஐலீன் எழுதிக் கேட்டிருந்தாள். மார்ச்சில் போலீஸ் பல்லையும் நூலையும் அவளிடம் கொடுத்துவிட்டது. அரக்கு வைத்து மூடிய காகித உறை. நான்கு மாதம் போலீஸ் அலமாரியில் கிடந்தது. தனியாகப் பிரிக்கப் பயந்து என்னைக் கூப்பிட்டாள்.

பிரித்தோம்.

பல் காய்ந்து கிடந்தது. காகிதமும் காய்ந்திருந்தது.

நூல் மட்டும் ஈரமாக இருந்தது.

தொட்டுப் பார்த்தேன்... சூடு ஆறவில்லை.