தளிகை உள்ளில் இரண்டரை அங்குலம்

முப்பது வயது வரை அமிர்தராஜ் செத்தவர்களுக்குத்தான் கல் வெட்டினார். பாலக்கரையில் இருந்த அவருடைய கொட்டகையிலிருந்து சுற்றுவட்டாரக் கல்லறைத் தோட்டங்களுக்கெல்லாம் கல் போயிற்று. ஒரு சிலுவை, பெயர், பிறந்த நாள், இறந்த நாள். அங்கேயும் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்துத்தான் புதைத்தார்கள். மண்ணுக்குள் போன பிறகும் யார் பக்கத்தில் யார் படுப்பது என்று தகராறு செய்கிற மனிதர்களுக்காகச் செதுக்கிச் செதுக்கி அவருக்கு அலுத்துப்போயிற்று.

ஐம்பதுகளின் நடுவில் தில்லை நகரில் புது வீடுகள் எழும்பத் தொடங்கின. அங்கே குடிவந்த ஒரு பெண் டாக்டர் தம் தகப்பனாரின் கல்லறைக்குக் கல் சொல்ல வந்தவர், கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த வழவழப்பான கடப்பைக் கல் ஒன்றைத் தடவிப் பார்த்தார்.

"இதை அப்படியே படுக்க வச்சா என்ன? இடுப்பு உயரத்துக்கு?" என்றார்.

"எதுக்கும்மா?"

"சமைக்கத்தான். நின்னுக்கிட்டே ஆபரேஷன் பண்றேன். வீட்டுக்குப் போனா ஒரு ரசம் வைக்கக் குந்த வேண்டியிருக்கு."

அமிர்தராஜ் அன்றிரவே கணக்குப் போட்டார். முப்பத்தோரு அங்குல உயரம், இரண்டடி அகலம். இவ்வளவுதான்! நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தரையில் குந்தி, புகையில் முகத்தைக் கொடுத்து, எழுந்திருக்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்களே, அதற்கு மருந்து ஒரு கல்லும் இரண்டு செங்கல் தாங்கிச் சுவர்களும்தான். வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பெண்ணை உயர்த்துவோம் என்று மேடை போட்டுப் பேசியவர்கள் எத்தனையோ பேர். இவர் மேடையையே போட்டுக் கொடுத்தார்.

நான்கே வருஷத்தில் அறுபது வீடுகளுக்கு மேல். உறையூரில் நெசவுக்காரர் வீடுகள், மலைக்கோட்டைக்குக் கீழே ராவுத்தர் வீடுகள், தில்லை நகரில் தெருத்தெருவாக. கல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவர் மனைவி அக்னஸ். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "செத்தவங்க குறை சொல்ல மாட்டாங்க. பொம்பளைங்க சொல்லுவாங்க. பார்த்துப் போடுங்க" என்பாள்.

அமிர்தராஜ் பார்த்துத்தான் போட்டார். அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. தன் கையால் தொடாத சுவருக்குக் கல் வெட்ட மாட்டார். காரணம் எளிது. எந்த வீட்டிலும் மூலை சரியாக இருப்பதில்லை. சுவர் ஓரிடத்தில் தொப்பை தள்ளியிருக்கும், ஓரிடத்தில் உள்வாங்கியிருக்கும். ஆகவே அவர் ஒரு பழுப்புத் தாளை மேடை வரப்போகும் இடத்தில் விரித்துக்கொள்வார். ஒரு விரல் அகல மரத்துண்டின் முனையில் பென்சிலைக் கட்டி, துண்டைச் சுவரோடு உரசிக்கொண்டே இழுப்பார். சுவர் எப்படியெல்லாம் வளைகிறதோ அப்படியெல்லாம் பென்சில் தாளில் வளையும். அந்தத் தாள்படி வெட்டிய கல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு போஸ்ட் கார்டைக்கூட இடையில் செருக முடியாது. செருகிக் காட்டச் சொல்லி அவரே கார்டை நீட்டுவார்.

1961இல் அந்தக் கண்டிப்பை அவர் ஒரே ஒரு முறை விட்டுக்கொடுத்தார்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீடு ஒன்று. வீட்டுக்காரர் வேங்கடாச்சாரி ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுபவர். அவர் மனைவி வேதவல்லிக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் இரண்டு முட்டியும் போய்விட்டது. மேடை கட்டும் வேலையை வீரமலை என்ற கொத்தனார் எடுத்திருந்தார். கல்லுக்கு அமிர்தராஜைச் சொன்னதும் அவர்தான். ஸ்ரீரங்கத்தில் முதல் வீடு! இது நன்றாக அமைந்தால் வீதி வீதியாக வேலை வரும். அமிர்தராஜ் அளவு நாடாவையும் தாளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு பறந்தார்.

வேங்கடாச்சாரி அவரைக் கொல்லைப்புற வழியாக வரச் சொல்லி, கிணற்றடியிலேயே நிறுத்திவிட்டார்.

"அளவெல்லாம் நானே எடுத்து வச்சுட்டேன். ஏழடி நீளம், ரெண்டடி அகலம். இந்தா" என்று ஒரு சீட்டைக் கிணற்றுக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். கையில் தரவில்லை.

"உள்ள வந்து ஒரு தடவை சுவரைப் பார்த்துடறேன் சார்."

"தளிகை உள்ளப்பா அது. பெருமாளுக்கு அமுது பண்ற இடம். அங்கெல்லாம் வரப்படாது."

"மூலை கோணலா இருந்தா கல்லு உட்காராதுங்க."

"என் தாத்தா நாள் பார்த்து, மனை பார்த்துக் கட்டின அகம் இது. கோணலாம்! எழுதினபடி வெட்டிண்டு வா, போதும்."

வீரமலை காவிரியில் குளித்துவிட்டு வந்தால் அந்தச் சமையலறைக்குள் நுழையலாம். அமிர்தராஜ் காவிரியையே தலையில் கொட்டிக்கொண்டு வந்தாலும் நுழையக் கூடாது. அவர் இடுப்பு உயரத்துக்கு வைக்கப்போகும் கல் நுழையலாம். கல்லுக்கு உள்ள உரிமை கல் வெட்டியவனுக்கு இல்லை. இதற்குப் பெயர் ஆசாரம்!

அமிர்தராஜ் சீட்டைப் பார்த்தார், வீதியை நினைத்தார், வாயை மூடிக்கொண்டு எடுத்துப்போனார். அதுதான் அவர் செய்த தப்பு.

பத்து நாள் கழித்துக் கல் வந்தது. வீரமலையும் மூன்று ஆட்களும் குளித்துவிட்டு உள்ளே சுமந்து போனார்கள். அமிர்தராஜ் கிணற்றடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து முனகல், நகர்த்தல், மறுபடி நகர்த்தல். பிறகு வீரமலையின் தலை கொல்லை வாசலில் தெரிந்தது.

"அண்ணே, பின்சுவரோட ஒட்டினா இடச்சுவர் பக்கம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. இடச்சுவரோட ஒட்டினா பின்சுவரை விட்டு விலகுது."

பின்னாலேயே வேங்கடாச்சாரி வந்தார். முகம் சிவந்திருந்தது. "கோணலா வெட்டிண்டு வந்திருக்கே! கல்லறைக்கு வெட்டறவனைக் கூப்பிட்டா இப்படித்தான்!"

பக்கத்து வீட்டுக் கொல்லையில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. சாயங்காலத்துக்குள் செய்தி வீதி முழுக்கப் போய்விடும். அமிர்தராஜ் வெட்டிய கல் கோணல் என்றால் ஸ்ரீரங்கத்தில் அத்தோடு அவர் கதை முடிந்தது.

"கல்லை வெளியே கொண்டாங்க வீரமலை" என்றார் அமிர்தராஜ். குரலை உயர்த்தவில்லை.

கல்லைக் கிணற்றடியில் படுக்க வைத்தார்கள். அவர் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையிலிருந்து எதிர்முனைக்குக் குறுக்கே இழுத்து, முடிச்சுப் போட்டார். அதே நூலை மற்ற இரண்டு முனைகளுக்கும் இழுத்தார். முடிச்சு மிகச் சரியாக முனையில் வந்து நின்றது.

"ரெண்டு குறுக்களவும் ஒண்ணு. நீளமும் அகலமும் நீங்க எழுதினதுதான். கல்லு கோணல் இல்லை சார். இப்ப உங்க சுவரைப் பார்ப்போம்."

"நீ உள்ளே..."

"நான் வரலை. அம்மாவே பார்க்கட்டும்."

வேதவல்லி சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். அமிர்தராஜ் நாடாவை ஜன்னல் திட்டில் வைத்தார்.

"அம்மா, மூலையிலேருந்து இடச்சுவர்ல மூணடி அளந்து கரியால ஒரு கோடு போடுங்க. பின்சுவர்ல நாலடி, அங்க ஒரு கோடு. வீரமலை ஒரு முனையைப் பிடிச்சுக்கட்டும். இப்ப ஒரு கோட்டுலேருந்து இன்னொரு கோட்டுக்கு நேரா எவ்வளவுன்னு சொல்லுங்க. மூலை சரியா இருந்தா அஞ்சடி வரும். முடியளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

கொல்லையில் எல்லோரும் ஜன்னலையே பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் இப்போது நான்கு தலைகள்.

"அஞ்சடி... மூணு அங்குலம்!" என்று வேதவல்லியின் குரல் வந்தது. அதில் பயம் இல்லை. விடுகதையை அவிழ்த்தவளின் சந்தோஷம் இருந்தது. "ஏன்னா, மூணு அங்குலம் ஜாஸ்தியா இருக்கு!"

"அவன் நாடா தப்பா இருக்கும்" என்று வேங்கடாச்சாரி தம்முடைய ஆபீஸ் நாடாவைத் தேடி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அளந்தார். திரும்ப அளந்தார். கணக்கு எழுதுகிற மனிதர். எண்ணோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்ட முடியும்? ஐந்தடி மூன்று அங்குலம்! நாளும் நட்சத்திரமும் பார்த்துக் கட்டிய மூலை ஒரு நாடாவுக்கும் இரண்டு கரிக்கோட்டுக்கும் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டது.

வெளியே வந்தவரின் குரல் தணிந்திருந்தது. "சரி, இப்ப என்ன பண்றது?"

"இந்தக் கல்லே போதும் சார். இடது ஓரத்தைச் சாய்வாச் சீவினா உட்கார்ந்துடும். மேடையோட ரெண்டடி அகலத்துக்குக் கணக்குப் போட்டா ரெண்டரை அங்குலம் வரும். கதவுப் பக்கம் அந்த அளவு குறையும், நடக்க வசதிதான். ஆனா சுவர்ல தொப்பை எங்க இருக்குன்னு நான் பார்க்கணும்."

"அதான் கணக்கு வந்தாச்சே. ரெண்டரை அங்குலம் சீவிடு."

"சீவின கல்லு திரும்ப வளராது சார். ஒரு தடவை பார்க்காம வெட்டினேன். இன்னொரு தடவை வெட்ட மாட்டேன். நான் உள்ள வந்தா வேலை நடக்கும். இல்லேன்னா கல்லு இங்கயே கிடக்கட்டும்."

"கிடக்கட்டும்" என்றார் வேங்கடாச்சாரி.

அமிர்தராஜ் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

மூன்று வாரம் கல் கிணற்றடியில் கிடந்தது. வேங்கடாச்சாரி வேறு ஆள் தேடினார். கடப்பைக் கல் வெட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் பாலக்கரைக்காரர்கள். ஒருவர் அமிர்தராஜின் மைத்துனர், ஒருவர் ராவுத்தர். பெருமாள் இந்த விஷயத்தில் வேங்கடாச்சாரிக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. வேதவல்லி ஒவ்வொரு நாளும் தண்ணீருக்குப் போகும்போது அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு போனாள். பிறகு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். எத்தனை தடவை என்று எந்தப் புராணத்திலும் யாரும் எண்ணி எழுதவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பாலக்கரையில் டவுன் பஸ்ஸிலிருந்து மடிசார் கட்டிய ஒரு அம்மாள் கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கி, வழி கேட்டுக்கொண்டு கல் கொட்டகைக்கு வந்ததைத் தெருவே நின்று பார்த்தது. அக்னஸ் ஈரக் கையோடு எழுந்தாள்.

"இவர்தான் சொன்னாரே, சீரங்கத்து அம்மாவா? உட்காருங்க."

"உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது. நின்னுண்டே சொல்லிடறேன்" என்றாள் வேதவல்லி. அமிர்தராஜ் உளியை வைத்துவிட்டு வந்தார். "நாளைக்கு வாங்கோ. உள்ளே வந்து அளந்துக்கோங்கோ."

"சார் என்ன சொன்னார்?"

"அவரைக் கேக்கலை."

"அவர் சம்மதிக்காம எப்படிம்மா?"

"முட்டி என்னோடது. அவருக்கு வலிக்கலையே!"

அக்னஸ் வாய்விட்டுச் சிரித்தாள். "போங்க, நாளைக்கே போங்க. இல்லேன்னா நான் போய் அளந்துட்டு வந்துடுவேன்."

மறுநாள் அமிர்தராஜ் வாசல் வழியாகவே போனார். கூடத்தில் வேங்கடாச்சாரி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தார். ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை. வேதவல்லி முன்னால் நடந்தாள். அமிர்தராஜ் சமையலறை வாசற்படியில் ஒரு கணம் நின்று, தாண்டினார்.

அடடா, அந்தச் சுவரில் அவர் கை வைத்த வேகம்! உள்ளங்கையால் தடவித் தடவிப் போனார். "இங்க இருக்கு தொப்பை, பாருங்க. இங்க உள்ள போகுது. இதுக்குமேல யாரோ ரெண்டு தடவை பூசியிருக்காங்க." தாள் விரிந்தது, மரத்துண்டு சுவரை உரசி ஓடியது, பென்சில் நெளிந்து நெளிந்து கூடவே ஓடியது. வேதவல்லி தாளின் மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அரை அங்குலம் இருக்குமா? முக்கால்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெறும் கணக்குப்படி சீவியிருந்தால் பின்பக்கம் முழுவதும் கரப்பான் குடியிருக்க இடம் விட்டிருக்கும்.

கிணற்றடியிலேயே நான்கு நாள் உளிச் சத்தம். ஐந்தாம் நாள் கல்லை உள்ளே கொண்டுபோனவர்களில் அமிர்தராஜும் ஒருவர். சுண்ணாம்புச் சாந்தைப் பரப்பி, கடப்பாறையால் நெம்பி, ஒரு நெல் அளவு, இன்னொரு நெல் அளவு என்று நகர்த்தினார். கல் சுவரின் ஒவ்வொரு கோணலுக்கும் வளைந்துகொடுத்தது போல் போய் ஒட்டிக்கொண்டது. வீரமலை கைதட்டினார். அமிர்தராஜ் சட்டைப்பையிலிருந்து போஸ்ட் கார்டை எடுத்து நீட்டினார். வேதவல்லி மூலையில் செருகிப் பார்த்தாள், நடுவில் செருகிப் பார்த்தாள். கார்டுதான் மடங்கியது.

"அடுப்பை வைக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்மா! சாந்து இறுகணும். ஒரு வாரம் ஒண்ணும் வைக்கக் கூடாது."

அப்போதுதான் வேங்கடாச்சாரி வாசற்படிக்கு வந்தார். கல்லைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "இந்த ஒரு வாரத்துக்குள்ள புரோகிதரை வரச் சொல்லி உள்ளைச் சுத்தி பண்ணிடணும்" என்றார். அமிர்தராஜ் காதில் விழ வேண்டும் என்றேதான் சொன்னார்.

வேதவல்லி கல்லின்மேல் கையை வைத்தாள். "இதை வெட்டினதும் இவர் கை. தேய்ச்சது இவர் ஆம்படையாள் கை. வச்சதும் இவர் கை. இனிமே பெருமாளுக்கு இதும்மேலதான் தளிகை ஆகப்போறது. சுத்தி பண்ணணும்னா முதல்ல கல்லைத் தூக்கிக் கிணத்தடியில போடணும். போடச் சொல்லட்டுமா?"

கணக்கு எழுதுபவர் "காபி இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். புரோகிதர் வரவில்லை.

எட்டாம் நாள் காலையில் அமிர்தராஜ் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு மட்டம் சரிபார்க்கப் போனார். கூடத்தில் இருந்த வேங்கடாச்சாரி வழியை அடைத்திருந்த நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். உள்ளே வேதவல்லி நிமிர்ந்து நின்று சாற்றமுதை, அதாவது ரசத்தை, கலக்கிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா மட்டம் பார்த்துடுவேன்மா."

"கொதிக்கட்டும். அஞ்சு நிமிஷம் அப்படியே நில்லுங்கோ."

அமிர்தராஜ் சுவரோரமாக நின்றார். சமையலறைக்குள்தான்.