ஆயுத பூஜைக்கு வராத பைப் ரென்ச்

ஒருவர் வீட்டுச் சாமியறையை எட்டிப் பார்த்தால்கூடப் பொறுத்துக்கொள்வார். அவருடைய டூல் பெட்டியைத் திறந்தால் மட்டும் குலம் கோத்திரத்தையே கேள்வி கேட்டதுபோல முறைப்பார். எனக்கு அதைத் திறப்பதுதான் தொழில். கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் நான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையில் லாச்சி, அதாவது இழுப்பறை, வைத்த இரும்புப் பெட்டி வாங்கினால், "வீட்டுக்கே வந்து அடுக்கித் தருவோம்" என்று முதலாளி போர்டு மாட்டிவிட்டார். அந்த 'தருவோம்' நான் ஒருவன்தான். ஸ்குரூ டிரைவர் அகப்படாமல் தேக்கரண்டிக் காம்பால் ஸ்குரூ முறுக்கிய அன்பர்களே, இது நம் எல்லோருக்கும் பொதுவான துன்பம் என்பதால் கூச்சப்படாமல் சொல்கிறேன்.

பிளையரின் விலாசம்

பேராதனையில் ஒரு வீடு. பெட்டி வந்த சந்தோஷத்தில் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. கராஜில் பெட்டியை இறக்கி, ஸ்பேனர்களைச் சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாகப் படுக்க வைத்தேன். உளிக்கு ஒரு லாச்சி, அரத்துக்கு ஒரு லாச்சி. பிளையரின் இடம் மட்டும் காலியாக இருந்தது. தேடிப் போனால், அது அடுப்படியில் ஒரு ஆணியில் தொங்குகிறது. போரில் வென்றவன்போல எடுத்து வந்து லாச்சியில் வைத்தேன்.

வீட்டுக்கார அம்மா வந்தார். லாச்சியைத் திறந்து பிளையரை எடுத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. கணவரிடம் மட்டும் சொன்னார்: "இது கராஜுக்குப் போறதுன்னா போகட்டும், நாளையிலேருந்து கொதிக்கிற சட்டிய நீங்க வெறுங்கையால எறக்குங்க."

வீசக் கூடாதவை

இப்போது என் சொந்தக் கதை. கண்டி டவுனில் துணிக்கடையில் வேலை பார்க்கும் கவிதாவை நான் கட்டிக்கொள்ள வேண்டும். அவளுக்குச் சம்மதம். ஹந்தானையில் எங்கள் வீட்டாருக்கும் சம்மதம். அவள் அப்பா சிவலிங்கம் ஐயாதான் பிடி கொடுக்கவில்லை. அவர் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் எங்கள் கடைக்கு வந்து ஒரு பெட்டி வாங்கினார். "அடுக்குறதுக்கு அந்தப் பிரபுத் தம்பியையே அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெண் கேட்டுப் போகிறவன் பூவும் பழமும் கொண்டு போவான். நான் கிரீஸ் துணியோடு போனேன்.

ஐயாவின் கராஜில் கார் கிடையாது. இருந்ததெல்லாம் பால்மா டின்கள். ஒன்றில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், ஒன்றில் மரை தேய்ந்த நட்டுகள், ஒன்றில் முழுக்க வளைந்த ஆணிகள். வளைந்த ஆணிகளைக் குப்பைப் பையில் கொட்டினேன். ஐயா குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பொறுக்கினார். என் கல்யாணமும் அந்தப் பைக்குள் போய்விட்டது என்று நின்றேன். அவர் நிமிர்ந்து சொன்னார்: "வளைஞ்சதைத் தட்டி நிமித்தத்தான் தம்பி சுத்தியல்னு ஒண்ணு இருக்கு."

ஓயாத போன்

விட்ட மானத்தைப் பிடிக்க வேண்டாமா? லாச்சிகளில் ரப்பர் மெத்தை விரித்து, ஒவ்வொரு சாமானின் உருவத்துக்கும் அளவாகப் பள்ளம் வெட்டி, தொட்டிலில் பிள்ளையைப் போடுவதுபோலப் படுக்க வைத்தேன். பைப் ரென்ச் மட்டும் அகப்படவில்லை. "இங்கதான் எங்கயாவது கெடக்கும், பள்ளத்தை வெட்டுங்க" என்றார் ஐயா. கடையில் இருந்த ஒரு ரென்ச்சை அளவு வைத்து வெட்டினேன். அந்தப் பள்ளம் காலியாகவே கிடந்தது.

அழகு வந்தது, ஆபத்தும் வந்தது. டின் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மனிதருக்கு இப்போது ஒன்றும் கைக்கு வரவில்லை. காலையில் போன்: "தம்பி, டெஸ்டர் எங்க?" மத்தியானம் போன்: "தம்பி, சின்ன உளி?" கடையில் பெயிண்ட் கலக்கிக்கொண்டே, "மூணாவது லாச்சி ஐயா, எடது பக்கம்" என்பேன். கவிதாவோடுகூட நான் இவ்வளவு பேசியதில்லை. முதலாளி ஒருநாள் கேட்டே விட்டார்: "டேய் பிரபு, நீ கட்டிக்கப் போறது மகளையா, அப்பாவையா?"

பூஜையில் இருந்த சாமான்

ஆயுத பூஜைக்கு ஐயா என்னையும் கூப்பிட்டிருந்தார். சாமான்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பெட்டிக்கு மாலையும் போட்டிருந்தார். பூஜை வைத்தபின் மறுநாள் விஜயதசமிவரை எதிலும் கை வைக்கக் கூடாது. கற்பூரம் அணையவில்லை, கொண்டைக்கடலை என் வாயில்தான் இருக்கிறது, முற்றத்துக் குழாய் பிய்த்துக்கொண்டது. மெயின் வால்வோ துருப்பிடித்து, கையால் திருக அசையவில்லை. தண்ணீர் கராஜை நோக்கி ஓடியது. ஊர்க் குழாய்களின் ஒழுக்கையெல்லாம் அடைத்த சிவலிங்கம் ஐயா, குழாய்க்கு அடியில் சோற்றுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் லாச்சியில் கை வைக்கப் போனேன். "தொடாதீங்க தம்பி, சாமி குத்தமாயிரும்" என்றார். என் சாமான் பையும் கடையில் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் அந்தக் காலிப் பள்ளம் என் நினைவுக்கு வந்தது. பூஜைக்கு வராத ஒரே சாமான் பைப் ரென்ச். கவிதா மெல்ல வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அடுத்த வீடு முஸ்லிம் பெரியவர் ஹனிபா நானாவுடையது; அங்கே ஆயுத பூஜை கிடையாது. ஓடினேன். அவர் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தார். இரவல் கொடுத்ததை ஐயா அடியோடு மறந்திருக்கிறார். நனைந்த கோழியாக நின்று வால்வை மூடினேன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, கவிதாவுக்கும் அடங்கவில்லை. வேலிக்கு மேலால் நானா சொன்னார்: "நான் திருப்பித் தந்திருந்தா இதுக்கும் பொட்டு வெச்சிருப்பீங்க லிங்கம், தராததுதான் நல்லமாப் போச்சு."

கடைசிப் பள்ளம்

விஜயதசமி காலையில் ரென்ச்சை அதன் பள்ளத்தில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஐயா ரசித்துப் பார்த்தார். பிறகு அதை எடுத்து மறுபடி நானாவிடமே கொடுத்துவிட்டு வந்தார். "அடுத்த வருசமும் பூஜை வருமில்ல" என்றார்.

விடைபெற எழுந்தேன். கல்யாணப் பேச்சை எடுக்காமலே செருப்பை மாட்டினேன். வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து ஐயா கவிதாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "எது எங்க இருக்குன்னு இவருக்குத்தான் தெரியும், தெனம் போன் போட எனக்கு ஏலாது, ஒரு நல்ல நாள் பாத்து இவரையும் வீட்டோட வெச்சுக்குவோம்."

ஊரார் ஸ்பேனருக்கெல்லாம் அளவெடுத்துப் பள்ளம் வெட்டித் திரிந்த நான், அன்பர்களே, கடைசியில் எனக்கே ஒன்றைக் கச்சிதமாக வெட்டிக்கொண்டு, இப்போது அதில் சுகமாகப் படுத்திருக்கிறேன்.