ஆளுக்கு ஒரு கோடு

சென்னையில் கைபேசி விளையாட்டுகள் செய்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் படம் வரையும் வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. திருத்தணியிலிருந்து தினமும் எலக்ட்ரிக் ட்ரெயினில் போய் வந்தேன். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். இது என்ன பிழைப்பு என்று வீட்டில் புலம்பாத நாளில்லை. இப்போது வீட்டு மேசையிலேயே வேலை. ஏக்கமாக இருப்பதோ அந்த லேடீஸ் பெட்டியை நினைத்துத்தான்.

வண்டி எங்கள் ஊரில்தான் புறப்படும் என்பதால் ஜன்னலோரம் கிடைத்துவிடும். எதிர் இருக்கையில் வழக்கமாக இரண்டு பேர். ஒருவர் பெரம்பூரில் நர்ஸ் வேலை பார்த்தவர். உட்கார்ந்ததும் தூங்கிப் போவார். இன்னொருவர் பள்ளிப்பட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, அம்பத்தூரில் சட்டைக்குக் காலர் தைக்கப் போகும் அக்கா. மடியில் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டே வருவார்.

எங்கள் அலுவலகத்தில் அப்போது, பலர் சேர்ந்து ஒரே படத்தை வரைகிற விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். மதிப்பெண் உண்டு, பரிசு உண்டு, யாராவது கோணலாக இழுத்தால் கோட்டைத் தானே நேராக்கிவிடும் வசதியும் உண்டு. அந்த வசதியில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம். ஆனால் யாரிடம் கொடுத்தாலும் இரண்டு நாள் ஆடிவிட்டு மறந்துவிட்டார்கள். தெரிந்தவர்களிடம் ஆடிக் காட்டி ஏன் என்று பாருங்கள் என்றார் மேலாளர். எனக்குத் தெரிந்தவர்கள் ரயிலில்தான் இருந்தார்கள். அவர்களில் பலரிடம் பட்டன் போன்தான் என்பதால், கோடு போடாத நோட்டு ஒன்றும் ஸ்கெட்ச் பேனா ஒன்றும் வாங்கிக்கொண்டு போனேன்.

"ஆளுக்கு ஒரே ஒரு கோடு. பேனாவை எடுத்துட்டா அடுத்தவங்களுக்குக் கொடுத்துடணும். என்ன வரையறோம்னு வாய்விட்டுச் சொல்லக்கூடாது. நல்ல கோட்டுக்கு மார்க் உண்டு" என்றேன்.

அக்கா கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது, பரீட்சையா? மார்க்குக்குப் பயந்துதான் நான் பள்ளிக்கூடத்தையே உட்டு ஓடியாந்தேன்."

மார்க்கை அங்கேயே விட்டுவிட்டேன். பேனாவை நர்ஸிடம் நீட்டினேன். அவர் பாதித் தூக்கத்தில் அதை வாங்கித் தாளில் வைத்த நேரம், அரக்கோணத்துக்கு முன்னால் தண்டவாளம் மாறுகிற இடத்தில் வண்டி குலுங்கியது. கோடு எங்கெங்கோ எகிறியது. "ஐயோ, கெட்டுப் போச்சே" என்றார் அவர். அக்கா பேனாவைப் பிடுங்கி அதற்குக் கீழே ஒரு வளைவு போட்டார். சேவல் கொண்டை! திருவாலங்காட்டில் ஏறிய பெண்கள் "இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்று எட்டிப் பார்த்தார்கள். திருவள்ளூர் வருவதற்குள் சேவலுக்குத் தோள்பையும் டிபன் கேரியரும் வந்துவிட்டன.

அன்றிலிருந்து நோட்டு என் கையில் தங்கவில்லை. எனக்கே முன்பின் தெரியாதவர்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள். மூன்று வருஷம் ஓவியம் படித்தவள் நான். ஓடுகிற வண்டியில் என் கோடும் அவர்கள் கோட்டைப் போலத்தான் ஆடியது. அதனால்தான் அவர்கள் கூசாமல் வரைகிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆடிக் கிருத்திகை வாரத்தில் ஒரு பக்கம் பிரமாதமாக வந்தது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு பெட்டி நிறைய. அலுவலகத்தில் காட்ட ஆசைப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, நடுங்கிய கோடுகளையெல்லாம் அதே பக்கத்தில் திருத்தி, வண்ணமும் தீட்டினேன். திங்கட்கிழமை பெருமையோடு பெட்டியில் காட்டினேன்.

"அழகா கீதும்மா" என்றார்கள். புதுப் பக்கத்தைத் திருப்பி நீட்டியபோது நர்ஸ் கையை இழுத்துக்கொண்டார். "நீயே போடும்மா. நாங்க கெடுத்துடுவோம்."

மூன்று நாள் யாரும் பேனாவைத் தொடவில்லை. நான்காம் நாள் அக்கா கீரையிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: "அந்தக் கூட்டத்துல ஒரு தலை நான் போட்டது. கோணலாதான் இருந்துச்சு. நீ நேராக்கிட்ட. அப்பால தேடிப் பாத்தேன், என்னுது எதுன்னே தெரியல."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "தப்புதான் அக்கா" என்றேன்.

"தப்புலாம் இன்னா கீது? அது உன் படமாப் போச்சு, அவ்ளோதான்." முறத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரே சொன்னார்: "இன்னிக்கு நீ நொட்டாங்கையால போடு."

இடது கையால் பேனாவைப் பிடித்து இழுத்தேன். அந்த நோட்டிலேயே அதைவிடக் கேவலமான கோடு கிடையாது. நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே மேலாளரிடம் போய், மதிப்பெண்ணையும் கோட்டை நேராக்குகிற வசதியையும் எடுத்துவிடலாம் என்றேன். ஆறு மாத உழைப்பு என்று கோபப்பட்டார். பிறகு, சோதித்துப் பார்க்க மட்டும் என்று ஒப்புக்கொண்டார். இந்த முறை ஆடியவர்கள் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தார்கள், தாங்கள் போட்ட கோட்டை மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். சில வருஷம் ஓடியது, பலர் விரும்பி ஆடினார்கள். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும், ஆடுகிறவர் தன் கையைத் தானே அடையாளம் கண்டுகொள்ள முடிகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் நோட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஆர்.கே.பேட்டையில் மகள் வீட்டோடு இருந்து, அங்கேயே மிஷின் போட்டுத் தைக்கிறாராம். நோட்டு பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுவா? அப்பவே தீந்துபோச்சு, யார் கையில போச்சோ. அரக்கோணத்துல ஏறுற பொண்ணுங்க வேற ஒண்ணு வாங்கினாங்க. அதுவும் தீந்திருக்கும்" என்றார்.

பழைய பக்கங்களை ஒருமுறையாவது புரட்டிப் பார்க்க முடியாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அதைச் சொல்வதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இடம் பிடிக்க ஓடினார்.