ஸ்கேனில் தெரிந்த இரண்டாவது வெள்ளை

என் வீட்டுக்காரருக்கு எந்தத் திரையைப் பார்த்தாலும் கடலாகத்தான் தெரியும். மீன் நிற்கும் இடத்தைக் காட்டும் ஃபைண்டரைப் படகில் மாட்டியதிலிருந்து இந்த வியாதி. எது மீன், எது பாறை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தப் பெருமையோடுதான் என் வயிற்று ஸ்கேன் படத்தையும் கையில் வாங்கினார்.

எனக்கு அப்போது மூன்று மாதம். முந்தின வருஷம் இதே மூன்றாம் மாதத்தில் ஒன்று கலைந்துபோயிருந்தது. அதனால் ஸ்கேன் அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். "குழந்தை நல்லா இருக்கும்மா. பக்கத்துல ஒண்ணு தெரியுது, திங்கட்கிழமை வந்து டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார் ஸ்கேன் எடுத்த பெண். பொன்னேரியில் ஏறிய பஸ் பழவேற்காடு வந்து சேர்வதற்குள் இவர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"தோ பாரு. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. ரெண்டு க்கீதுடி!"

"யோவ், அந்தப் பொண்ணு அப்டி சொல்லலியே?"

"அதுக்கு இன்னா தெரியும்? டெய்லி ஸ்கிரீன் பாக்கறவன் நானு."

கடலில் மீன் கண்ட இடத்தைப் பெத்த நைனாவிடம்கூடச் சொல்லமாட்டார். ஒன்றும் தெரியாத முகத்தோடு கரையேறுவார். எங்கள் குப்பத்து ஆம்பளைகள் எல்லோருமே அப்படித்தான். ஆனால் இந்தச் சேதியை மட்டும் மீன் ஏலம் போடும் கரையில் நின்று கத்திச் சொன்னார். சாயங்காலம் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து மடவை மீன் இரண்டு இரண்டாக வந்தது. மாமியார் குழம்பில் இரண்டு தலையையும் எனக்கே போட்டார்.

நானும் நம்பினேன். போன வருஷம் போனதுதான் திரும்பி வந்து இதனோடு சேர்ந்துகொண்டது என்று யாரிடமும் சொல்லாமல் நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "குழந்தை ஒண்ணுதான். இது சினைப்பையில வந்திருக்கிற கட்டி. டெர்மாய்டுன்னு சொல்லுவோம். உள்ள கொழுப்பு, முடி இருக்கும். சில பேருக்குப் பல்லுகூட இருக்கும்."

"பல்லா? அப்ப அதுவும் கொழந்ததான மேடம்?" என்றார் இவர்.

"இல்லைங்க. அது என்னைக்கும் குழந்தை ஆகாது. பெரும்பாலும் புத்துநோயும் கிடையாது, பயப்படாதீங்க."

ஆனால் கட்டி பெரிதாக இருந்தது. அந்தக் கனத்தில் சினைப்பை முறுக்கிக்கொள்ளலாம், முறுக்கினால் குழந்தைக்கும் ஆபத்து, நாலு மாதம் முடிந்ததும் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார். எடுக்கும்போதும் குழந்தைக்குக் கொஞ்சம் ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கவில்லை. தினம் மீன் வயிற்றைக் கிழித்து இரண்டு பக்கச் சினையையும் வழித்தெடுக்கிறவள் நான். அவர் சொன்னது அப்படியே கண்முன் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அத்தனை கோபம். அவர்மேல் பாதி, என்மேல் பாதி. மறுநாள் அவரே அதே ஏலக் கரையில் நின்று, "நான் தப்பா பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒருவரும் சிரிக்கவில்லையாம்.

அடுத்த ஐந்து வாரம் குடம் தூக்கவில்லை, வலை பக்கம் போகவில்லை. வயிற்றில் சுருக்கென்றால் போதும், உயிரே போகும். சென்னையில் ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது டாக்டரின் கையைப் பிடித்தேன். "புள்ள பத்திரம்மா" என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

கண் விழித்தபோது, கட்டி முழுசாக வந்துவிட்டது என்றார்கள். அதைக் கேட்கவா நான் விழித்தேன்? நர்ஸ் ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்து கட்டுக்குக் கீழே வைத்துக் குழந்தையின் துடிப்பைத் தேடினார். கரகரவென்றது. நகர்த்தினார். மறுபடியும் கரகரதான். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். இனி எதையும் பார்த்துச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தார் போல.

அப்புறம் கேட்டது. படபடவென்று, வேகமாக, நிற்காமல்.

எங்கள் கரையில் படகு கண்ணுக்குத் தெரியும் முன்பே சத்தத்தை வைத்து யார் படகென்று சொல்லிவிடுவோம். இவர் சுவரிலிருந்து திரும்பினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரே இன்ஜின்தான். நல்லா ஓடுது."

"யோவ், சிரிக்க வெக்காத, தையல் பிரிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே அழுதேன். அந்த நிமிஷத்து நிம்மதியை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை.

அதற்கப்புறம் கரையில் யார் விசாரித்தாலும் இவர் வாயைத் திறக்கவில்லை. மீன் கண்ட இடத்தை எப்படி மறைப்பாரோ அப்படி மறைத்தார். மாசம் நிறைந்து மகள் பிறந்த அன்றுதான் மறுபடி ஏலக் கரைக்குப் போய், விலை கூறிக்கொண்டிருந்தவனை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கத்தினாராம்:

"ஒண்ணு! ஒண்ணே ஒண்ணு!"